ஐஸ் மிஷின் வழக்கில் முதல் சாட்சி

மடியில கருப்புக் கோட்டு மடிச்சு வச்சிருக்கியளே, வக்கீல்தானே? நினைச்சேன். பஸ்ஸுல ஏறும்போதே பாத்துட்டேன். இல்ல இல்ல, நீங்க நகர வேண்டாம், எனக்கு இந்த ஓரம் போதும். இந்தப் பெட்டி நசுங்காம இருந்தாச் சரி. மக்ரூன். தூத்துக்குடியில இருந்து ஒரு வீட்டுக்குப் போறோம்னா வேற என்ன பலகாரத்தக் கொண்டு போக? தொட்டா நொறுங்கிரும், அதான் பயமா இருக்கு.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். வக்கீல் யாரைப் பாத்தாலும் கேப்பேன். இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல கேக்குதேன், ஒருத்தரும் ஒழுங்காப் பதில் சொல்லலை. ஒரு சாட்சியைப் பத்தி ஜட்ஜு தீர்ப்புல எழுதுதாரு. 'இந்தச் சாட்சி பொய் சொல்லவில்லை. ஆனால் இவர் சொன்னபடி நடக்கவும் இல்லை.' இதுக்கு என்ன அர்த்தம்? பொய்யும் இல்ல, நடந்ததும் இல்லன்னா அப்ப நான் கூண்டுல ஏறி நின்னு என்ன செஞ்சேன்? கூத்தா ஆடுனேன்?

ஆமா, அந்தச் சாட்சி நான்தான். கஸ்பார் மச்சாது. ஐஸ் மிஷின் கேஸுல முதல் சாட்சி. நீங்க அப்ப பிறந்திருக்கவே மாட்டிய. ஐம்பத்தி ரெண்டுல நடந்தது.

சிரிக்காதிய. ஐஸ் மிஷினுக்கு ஒரு கேஸான்னு நினைக்காதிய. கோர்ட்டு வாசல்ல கடலை வண்டிக்காரன் அந்த ஒரு கேஸை வச்சே பிழைச்சான், அவ்வளவு கூட்டம். மூணு வக்கீலு, கப்பல் அதிகாரி ஒரு வெள்ளைக்கார மேட்டு, ஒன்பது தோணிக்காரங்க. ஒன்பது பேரும் பைபிள் மேல கை வச்சுச் சத்தியம் பண்ணினோம்.

இப்ப புது ஹார்பர் வந்துட்டுது, கப்பல் வீட்டு வாசல்ல கார் நிக்குத மாதிரி கரையோட ஒட்டி நிக்குது. அப்ப அந்தக் கதையே கிடையாது. கரையோரம் ஆழம் பத்தாது. கப்பல் அஞ்சாறு மைல் தள்ளி நடுக்கடல்ல நங்கூரம் போட்டு நிக்கும். சரக்கை எல்லாம் நாங்கதான் தோணி கொண்டு போய், கப்பலை ஒட்டி நிப்பாட்டி, விஞ்சுன்னு பாரம் தூக்குத மிஷின் வச்சு இறக்கி, பாய் விரிச்சுக் கரைக்குக் கொண்டாருவோம். நான் தல்மெய்தா முதலாளி தோணியில வேலை. என் வேலை என்னன்னு கேளுங்க. கை காட்டுத வேலை.

என்ன அப்படிப் பாக்குதிய? கை காட்டுததுன்னா சும்மாவா? விஞ்சுக்காரன் கப்பல் தட்டுக்கு நடுவுல நிப்பான். அவனுக்குக் கீழ இருக்குத தோணி தெரியாது. நான் கப்பல் விளிம்புல நிப்பேன். எனக்குத் தோணியும் தெரியும், அலையும் தெரியும். அவனுக்கு நான் மட்டும்தான் தெரிவேன். என் கை மேல இருந்தா, சரக்கு அந்தரத்துல அப்படியே நிக்கணும். என் கை கீழ வந்தா இறக்கணும். அவ்வளவுதான். ஆனா அந்த அவ்வளவுக்குள்ளதான் எல்லாம் இருக்கு. அலை தோணியைத் தூக்கும், போடும். அது மேல வந்து ஒரு நொடி அசையாம நிக்கும் பாருங்க, அந்த நொடியில கையை இறக்கணும். முந்திட்டாலும் போச்சு, பிந்திட்டாலும் போச்சு. பத்தொன்பது வருஷம் காட்டியிருக்கேன். ஒரு கண்ணாடித் தம்ளர் உடைஞ்சது கிடையாது.

பழைய விஞ்சுக்காரன் இஞ்ஞாசி, எங்க தெருக்காரன். அவன் கண் பார்வை போய் நின்னுட்டான். கப்பல் ஏஜெண்டு புதுசா ஒருத்தனைப் போட்டாவ. மாசானமுத்து. கருங்குளத்துப் பக்கம். ரைஸ்மில்லுல இஞ்சின் ஓட்டுனவன். நல்ல கைகாரன், அதை நான் மறுக்கலை. ஆனா கடல்னா என்னன்னு தெரியாது. ரெண்டு பிள்ளை, பெஞ்சாதி வயித்துல மூணாவது. பித்தளை வில்லை ஒண்ணு குடுப்பாவ, நம்பர் போட்டது, அதைச் சட்டையில குத்திக்கிட்டாத்தான் கப்பல்ல ஏற விடுவாவ. அதைத் தேச்சுத் தேச்சு வச்சிருப்பான், தங்கப்பல்லு கட்டுனவன் கணக்கா அதைக் காட்டிக்கிட்டே நிப்பான்.

நான்தான் அவனுக்குத் தொழில் சொல்லிக் குடுத்தேன். முத நாளே கூப்பிட்டுச் சொன்னேன். "ஏல மாசானமுத்து, நான் உன்னைப் பாத்துச் சிரிப்பேன், ஏசுவேன், இருமுவேன். ஒண்ணையும் கண்டுக்கிடாத. என் முகத்தைப் பாக்காத. என் கையை மட்டும் பாரு. உங்கப்பன் செத்துட்டான்னு ஆள் வந்து சொன்னாலும் என் கையில இருந்து கண்ணை எடுக்காத. கை என்ன சொல்லுதோ அதைச் செய்யி." அவன் "சரி அண்ணாச்சி"ன்னான். மூணு வாரம் அப்படித்தான் நின்னான். நான் இருமுனா எனக்கே கஷ்டமா இருக்கும், பய திரும்பக்கூட மாட்டான், கையையே பாத்துக்கிட்டு நிப்பான்.

அந்த ஐஸ் மிஷின் வந்துச்சு. தூத்துக்குடியில ஐஸ் பேக்டரி போடுததுக்கு ஒரு நாடார் முதலாளி சீமையில இருந்து வரவழைச்சது. ஊரே காத்துக்கிட்டு இருந்துச்சு. மீனுக்கு ஐஸ் கிடைச்சா வியாபாரி வெலையை அடிக்க முடியாதுன்னு எங்களுக்கும் சந்தோஷம். சின்னச் சின்னப் பெட்டியெல்லாம் காலையில இறக்கியாச்சு. கடைசியில பெரிய பெட்டி, அதுக்குள்ள இரும்புச் சக்கரம், ஆள் உயரத்துக்கு. சாப்பாட்டுக்கு அப்புறம் இறக்குவோம்னு நான் சொன்னேன். எப்பவும் பன்னிரண்டுக்கு முன்னால வேலையை நிப்பாட்டிருவோம். அந்த வெள்ளைக்கார மேட்டு கேக்கலை. காத்து ஏறுது, இப்பவே இறக்குங்கன்னுட்டான். அவன் பேச்சைக் கேட்டது என் தப்பு. அதை நான் கோர்ட்டுலயே ஒத்துக்கிட்டேன். என் தப்பை மறைக்கிற ஆளு நான் இல்ல.

பெட்டி மேல எழும்பிச்சு, விளிம்பைத் தாண்டி வெளிய வந்துச்சு, தோணிக்கு மேல தொங்குது. நான் கையை உசத்திட்டேன். நிறுத்து. அலை சரியில்ல. ஒரு அலை போவட்டும், ரெண்டு அலை போவட்டும்னு பாத்துக்கிட்டு இருக்கேன். அந்த நேரம் பாத்து கப்பல் மணி அடிச்சுது. பன்னிரண்டு மணி.

நீங்க எந்த ஊர்? சரி சரி. எங்க ஆட்களுக்குப் பன்னிரண்டு மணின்னா திரிகாலச் செபம். ஊருக்குள்ள இருந்தா மாதா கோயில் மணி அடிக்கும், அந்தந்த இடத்துலயே எழுந்து நின்னுருவோம். மீன் வெட்டுதவளும் அரிவாளைக் கீழ வச்சுருவா. நடுக்கடல்ல கோயில் மணி கேக்குமா? அதனால கப்பல் மணிதான் எங்களுக்குக் கோயில் மணி. எங்க தாத்தா காலத்துல இருந்து அப்படித்தான். எந்தக் கப்பலா இருந்தா என்ன, பன்னிரண்டு அடிச்சா தலைத்துண்டை எடுத்துட்டு, சிலுவை போட்டு, கரையைப் பாத்துத் திரும்பி நின்னுருவோம்.

அன்னைக்கும் அப்படித்தான். தோணியில எட்டுப் பேரும் பின்பக்கம் போய் ஊரைப் பாத்துக் கண்ணை மூடி நிக்காங்க. நான் விளிம்புல நிக்கேன். அருள்நிறைஞ்ச மந்திரம் பாதி சொல்லலை, படார்னு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா, மாசானமுத்து பெட்டியை இறக்கிட்டான்! தோணி அலையில மேல வருது, பெட்டி கீழ போகுது, ரெண்டும் முட்டி, தோணிப் பலகை ரெண்டு தெறிச்சு, பெட்டி பிளந்து, சக்கரம் நடுவாக்குல விரிசல் விட்டுட்டுது. வார்ப்பிரும்பு, ஒட்டவா முடியும்? ஒருத்தர் மேலயும் படலை. எட்டுப் பேரும் செபத்துக்குப் பின்பக்கம் போயிருந்ததாலதான் தப்பிச்சாங்க. அந்தச் செபம் இல்லைன்னா அன்னைக்கு எத்தனை பொணம்! மாதா காப்பாத்துனா. இதையும் கோர்ட்டுல சொன்னேன், ஜட்ஜு எழுதிக்கிடவே இல்லை.

நான் பாய்ஞ்சு போய் அவன் சட்டையைப் பிடிச்சேன். "எவம்ல உன்னை இறக்கச் சொன்னது?" அவன் முகம் வெளுத்துப் போய் நிக்கான். "நீங்க சொன்னபடிதான் செஞ்சேன் அண்ணாச்சி. உங்க கை கீழ வந்துச்சு." எப்படி இருக்கும் எனக்கு? நான் செபம் பண்ணிக்கிட்டு நிக்கேன், இவன் என் கை மேல பழியைப் போடுதான்! ஒரு அறை விட்டேன். அதுக்காக அப்புறம் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன்.

இஞ்ஞாசி காலத்துல இப்படி ஒரு நாளாவது நடந்திருக்கா? என்னைக்காவது வேலை பன்னிரண்டைத் தாண்டுனாலும், அவன் மணி அடிச்சவுடனே பிரேக்கைப் போட்டுட்டு, தானும் தலைத்துண்டை எடுத்துட்டு நிப்பான். செபம் முடிஞ்சப்புறம் பிரேக்கை எடுப்பான். அதுதான் தொழில் தெரிஞ்சவன் லெச்சணம். இவனுக்கு அந்தப் பொறுப்பு இல்ல. கையையே பாத்துக்கிட்டு நின்னா ஆச்சா?

அன்னைக்கே கப்பல் ஏஜெண்டு அவன் சட்டையில இருந்து அந்த வில்லையைப் பிடுங்கிட்டாவ. கேஸு முடியட்டும், நீ குத்தமில்லைன்னு ஆனா வாங்கிக்கோன்னுட்டாவ. ஐஸ் முதலாளி ஏஜெண்டு மேல கேஸ் போட்டாரு. ஏஜெண்டு, தோணிக்காரன் கை காட்டித்தான் இறக்குனோம், தல்மெய்தாதான் பொறுப்புன்னாவ. எங்க முதலாளி, கை காட்டவே இல்ல, விஞ்சுக்காரன் தானா இறக்கிட்டான்னாரு. ஆக மொத்தம் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். இந்தக் கை கீழ வந்துச்சா, வரலையா?

ஒரு ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சு வந்து உக்காந்திருக்கேன், வாசல்ல மாசானமுத்து. பக்கத்துல பெஞ்சாதி, கைப்பிள்ளையோட. மூணாவது அப்பத்தான் பிறந்திருக்கு. அவன் உள்ள வரலை. "அண்ணாச்சி, நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லலை. கை கீழ வந்திருக்கலாம், எனக்கு ஞாபகம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு வில்லை கிடைச்சிரும். கடலை விட்டா எனக்குப் பொழைப்பு இல்ல"ன்னு கையைக் கும்பிட்டு நின்னான்.

எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. நான் என்ன கல்லா? ஆனா பத்துக் கட்டளையில எட்டாம் கற்பனை என்ன சொல்லுது? பொய்ச்சாட்சி சொல்லாதே. ஞாபகம் நல்லா இருக்கும்போது ஞாபகம் இல்லைன்னு சொன்னா அது பொய்தானே? "எனக்காக என்ன வேணும்னாலும் கேளுல, தாரேன். ஆத்துமத்தைக் கேக்காத"ன்னேன். என் பெஞ்சாதி செசிலி உள்ள இருந்து அரிசி கொண்டாந்து அந்தப் பொம்பளை மடியில போட்டா.

அவங்க போனப்புறம் செசிலி சொல்லுதா, "மணி அடிச்சா சோறு தின்னுக்கிட்டு இருந்தாலும் எச்சிக் கையைத் தூக்கிச் சிலுவை போடுத ஆளு நீங்க. போன வெள்ளிக்கிழமை நெத்தியெல்லாம் மீன் குழம்பு. உங்க கை எங்க இருந்துச்சுன்னு உங்களுக்கு என்ன தெரியும்?" பாருங்க, கோர்ட்டு விஷயத்துக்கும் மீன் குழம்புக்கும் என்ன சம்பந்தம்? வாயை மூடுடின்னு ஒரு சத்தம் போட்டேன். பொம்பளைகளுக்குக் கேஸு எங்க புரியுது?

கூண்டுல ஏறினேன். ஏஜெண்டு பக்கத்து வக்கீலு ஒல்லியா ஒருத்தரு, பொடி போடுவாரு. சுத்திச் சுத்திக் கேட்டாரு. "பெட்டி தொங்கும்போது உங்க கை எங்க இருந்தது?" மேல இருந்ததுன்னேன். "இறக்கச் சொல்லிக் கை காட்டினீங்களா?" "இந்தப் பைபிள் சாட்சியா, காட்டலை." "அப்புறம் என்ன ஆச்சு?" "மணி அடிச்சுது." அவரு பொடி டப்பாவை மூடுனாரு. "மணி அடிச்சா என்ன செய்வீங்க?" நான் நெஞ்சை நிமித்திச் சொன்னேன், "கிறிஸ்தவன் என்ன செய்வானோ அதைச் செய்வோம். சிலுவை போட்டுச் செபம் பண்ணுவோம். பயந்தவன் யாரு?" அவரு என்னையே பாத்தாரு. "எந்தக் கையால சிலுவை போடுவீங்க?" "இது என்ன கேள்வி? சோத்துக் கையாலதான்"னு போட்டுக் காட்டினேன். வக்கீலு "வேற கேள்வி இல்லை"ன்னு உக்காந்துட்டாரு. மத விஷயத்துல கை வச்சா வம்புன்னு பயந்துட்டாரு. நான் இறங்கி வரும்போது மாசானமுத்து பின்வரிசையில உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தான். என் சாட்சியம் அவன் கேஸை உடைச்சிட்டுதேன்னு அழுதான்னு நினைக்கேன்.

மத்த எட்டுப் பேரும் என்னை மாதிரியேதான் சொன்னாங்க. கை கீழ வந்ததை நாங்க பாக்கலை, பாக்கலை, பாக்கலைன்னு எட்டுத் தடவை. அந்த வக்கீல் அவங்ககிட்ட ஒரே கேள்விதான் கேட்டாரு, அப்ப எந்தப் பக்கம் பாத்து நின்னீங்கன்னு. கோயிலைப் பாத்துன்னு எட்டுப் பேரும் சொன்னாங்க. இதைவிட என்ன வேணும்?

தீர்ப்பு வர நாலு வருஷம் ஆச்சு. எங்களுக்கு எதிராத் தீர்ப்பு. அந்த வரியும் அதுலதான் இருக்கு. எங்க முதலாளி தோணி கைவிட்டுப் போச்சு. ஆனா பெரிய மனுஷன், என்னை ஒரு வார்த்தை சொல்லலை. "கஸ்பார், நீ உள்ளதைச் சொன்ன"ன்னாரு. சொல்லிட்டு அந்தப் பக்கமாத் திரும்பிக்கிட்டாரு.

மாசானமுத்துவா? தீர்ப்பு அவன் பக்கம்தான். ஆனா வில்லை கிடைக்கலை. அந்தக் கேஸுல அவன் வாதியும் இல்ல, பிரதிவாதியும் இல்ல, அவனுக்கு ஒண்ணும் உத்தரவு போடலையாம். நாலு வருஷத்துல வேற ஆள் நிரந்தரமாயிட்டான். இவன் பாளையங்கோட்டை மார்க்கெட்டுல மூட்டை தூக்கப் போயிட்டான். ஒரு நாள் மூட்டையோட விழுந்து இடுப்பு போச்சு. இப்ப கட்டில்தான். அங்கேயே மக வீட்டுல கிடக்கான்னு சொன்னாவ.

அங்கதான் போறேன். ஈஸ்டருக்கு முந்தின இந்தத் தபசு காலத்துல எங்க சாமியார் பிரசங்கத்துல சொன்னாரு, உனக்குத் தீங்கு செஞ்சவனை மன்னிக்காம பூசையில நன்மை அப்பம் வாங்காதேன்னு. எனக்கு வேற யாரு தீங்கு செஞ்சா? யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், இவன் ஒருத்தன்தான். என் கை மேல பழி போட்டவன். போய் முகத்துக்கு நேரா 'உன்னை மன்னிச்சிட்டேன்ல'ன்னு சொல்லிட்டு வந்திரணும். செசிலிதான் இந்த மக்ரூனை வாங்கிக் குடுத்தா. "மன்னிப்புக்குப் போறிய, வெறுங்கையோடயா போவிய?"ன்னா. மன்னிப்புக் கேக்கப் போகலைடி, மன்னிக்கப் போறேன்னேன். அவ என் சட்டைக் காலரைச் சரி பண்ணிட்டு உள்ள போயிட்டா.

என்ன தம்பி, விளங்கலையா? இருங்க, காட்டுதேன். நடந்ததைக் கண்ணால பாத்தாத்தான் விளங்கும். இந்த மக்ரூன் பெட்டிதான் ஐஸ் மிஷின். பெட்டி கட்டுன சரடைப் பிடிச்சுத் தொங்க விடுங்க. ம், அப்படித்தான், கொஞ்சம் உசத்தி, காலுக்கு மேல. நீங்கதான் மாசானமுத்து. நான் விளிம்புல நிக்கேன். என் முகத்தைப் பாக்காதிய, கையைப் பாருங்க. கை மேல இருந்தா பிடிச்சிருக்கணும், கை கீழ வந்தா விட்டிரணும். இந்தா, கையை உசத்திட்டேன். நிறுத்து. அலை சரியில்ல. பெட்டி தொங்குது. இப்ப மணி அடிக்குதுன்னு வச்சுக்கோங்க...

அந்தா பாருங்க, ரோட்டோரத்துல மாதா சுரூபம் வச்ச கெபி. இயேசு மரி சூசை... போன தடவை வரும்போது சுண்ணாம்பு அடிக்காமக் கிடந்துச்சு, இப்ப நல்லா...

அய்யோ! ஏன் தம்பி விட்டிய? யம்மா, காலைக் கொஞ்சம் எடுங்கம்மா, மக்ரூன்மா அது, மிதிச்சிராதிய! போச்சு. எல்லாம் தூளாப் போச்சு. படிச்சவரு, நம்பித்தானே குடுத்தேன்? நான் விடச் சொன்னேனா? எவன் உங்களை விடச் சொன்னது?

என்னது?

நான் சொன்னபடிதான் செஞ்சியளா.

அவனும் இதைத்தான் சொன்னான். இதே வார்த்தை.

ஏன் என் கையையே பாக்குதிய? முகத்தைப் பாத்துப் பேசுங்க. நான் கெபியைக் கும்பிட்டேன், அவ்வளவுதான். நெத்தியில வச்சேன், நெஞ்சுல வச்சேன்...

இல்ல கண்டக்டர், பாளையங்கோட்டைதான் டிக்கெட்டு, தெரியும். மார்க்கெட் ஸ்டாப்புதான் எனக்கு. போட்டும், நீங்க ரைட் குடுங்க. நான் இப்ப இறங்கலை. அதைத் தாண்டி ஜங்ஷன் வரைக்கும் எவ்வளவுன்னு சொல்லுங்க, தாரேன்.

தம்பி, கோவிச்சுக்கிடாதிய. அந்தப் பெட்டியை எடுங்க. உடைஞ்சா உடைஞ்சிட்டுப் போகுது. சரடைப் பிடிங்க. இன்னொரு தடவை செய்வோம். நீங்க முன்ன மாதிரியே என் கையைப் பாருங்க. இந்தத் தடவை நானும் என் கையைப் பாத்துக்கிடுதேன்.